உடுப்பில்லாத கடற்கரை

ஸ்பெயினின் அந்தக் கடலோர விடுதியில் ஒவ்வொரு நாளும் கதிரைப் போட்டியோடுதான் விடிந்தது. நீச்சல் குளத்தைச் சுற்றியிருந்த சாய்கதிரைகளில் இருட்டோடு வந்து துவாயை விரித்து இடம்பிடித்துவிட்டுத் திரும்பவும் போய்ப் படுத்துக்கொள்கிறவர்கள் ஒரு பக்கம். ஆறுதலாக எழும்பி வந்து, ஆளில்லாத துவாய்களைப் பார்த்து வாய்க்குள் திட்டுகிறவர்கள் மறுபக்கம். வந்த புதிதில் நேசமலருக்கு அது நல்ல பகிடியாக இருந்தது. இப்போது அலுத்துவிட்டது. காலைச் சாப்பாடு முடிய முன்னமே ஒலிபெருக்கி தொடங்கிவிடும். தொப்பி போட்ட ஒருவன் குளக்கரையில் நின்றுகொண்டு கையைத் தூக்கு, காலைத் தூக்கு என்று ஸ்பானிய மொழியிலும் ஜேர்மனிலும் மாறி மாறிக் கத்த, தண்ணீருக்குள் நிற்கிற தலைகள் எல்லாம் ஒன்றாக எழும்பி ஒன்றாகத் தாழும். மகள் தாரிணியும் மருமகன் ரஜீவனும் டொல்பின் பார்க்கிற படகில் போய்விட்டார்கள். "நீங்களும் வாங்கோ அம்மா, தனிய இருந்து என்ன செய்யப்போறீங்கள்?" என்று தாரிணி வாசல் வரைக்கும் கேட்டுக்கொண்டுதான் போனாள். "எனக்குக் கடல் ஒத்துக்கொள்ளாது பிள்ளை, சத்தி வரும்" என்றாள் நேசமலர். அது பொய். படகில் ஏறுவதற்கு ஓர் இரும்பு ஏணி இருப்பதை முதல்நாளே துறைமுகத்தில் பார்த்து வைத்திருந்தாள். அந்த ஏணியில் இடது காலை ஊன்றும்போது தன் முகம் எப்படிக் கோணும் என்று அவளுக்குத் தெரியும். தாரிணியின் கண் எவ்வளவு கூர்மை என்றும் தெரியும். மகள் போன பிறகு தண்ணீர்ப் போத்தலையும் துவாயையும் பையில் வைத்துக்கொண்டு, பூப்போட்ட நீளச் சட்டையோடு, சத்தம் இல்லாத ஒரு இடம், ஒரேயொரு மணித்தியாலம், அவ்வளவு போதும் என்று புறப்பட்டாள்.

கடலோரமாகப் போன சீமெந்துப் பாதை முழுக்கச் சனம். கண்ணாடி விற்கிறவர்கள், பின்னல் பின்னிவிடுகிறவர்கள், மீன் பொரிக்கிற மணம், சறுக்குப் பலகையில் பறந்து போகிற பிள்ளைகள். நேசமலர் ஓரமாக, கைபிடிச் சுவரைத் தொட்டபடி நடந்தாள். நேரான தரையில் முழங்கால் அவ்வளவு முரண்டு பிடிப்பதில்லை. ஏற்றமும் இறக்கமும்தான் அதற்கு ஆகாது. முழங்காலின் எக்ஸ்ரே படத்தை வெளிச்சப் பெட்டியில் மாட்டிக் காட்டியபோது டொக்டர் பேனையின் நுனியால் ஓரிடத்தைத் தொட்டு, இங்கே எலும்பும் எலும்பும் உரசுகிறது, இனி ஊசியால் சரிவராது, மாற்றத்தான் வேணும் என்றார். வாற மாதம் திகதி. ஆஸ்பத்திரியில் கொஞ்ச நாள், பிறகு நடக்கப் பழக்குகிற நிலையத்தில் சில கிழமை. எல்லாம் எழுதிக் கையெழுத்தும் வைத்தாயிற்று. தாரிணிக்கு மட்டும் சொல்லவில்லை. அதற்கு ஒரு ஏற்பாடு இருந்தது: லண்டனில் இருக்கிற சரோசினி மச்சாளிடம் போய் ஒரு மாதம் நிற்கப் போவதாகச் சொல்வது. மச்சாளும் சம்மதித்துவிட்டாள், சம்மதிக்க முன்னம் போனில் அரை மணித்தியாலம் ஏசினாள். உனக்கென்ன விசரோ, பெத்த பிள்ளைக்கு ஒளிச்சு ஒபரேசனோ, அவள் வீடியோவில எடுத்தால் நான் என்னத்தைக் காட்டுறது, என்ர குசினியையோ என்று. நேசமலர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "நீங்கள் சொல்லாமல் இருந்தால் காணும் மச்சாள்" என்றாள். ஏன் என்று மச்சாள் கேட்டதற்கு மறுமொழி சொல்லவில்லை. சொல்லத் தெரியவும் இல்லை. ஒருவேளை தெரிந்தது, தமிழில் அதைச் சொல்ல ஒரு வசனம் அகப்படவில்லை. யோசித்துக்கொண்டே நடந்ததில் கடைசிக் கடையும் கடைசி விடுதியும் பின்னால் போய்விட்டன. சீமெந்துப் பாதை ஒரு மதிலோடு முடிந்து, மதிலுக்கு அந்தப் பக்கம் மண்பாதை ஒன்று முள்ளுப் பற்றைகளுக்கு இடையில் போனது. பாறை ஒன்றைச் சுற்றித் திரும்பியதும் ஒலிபெருக்கிச் சத்தம் யாரோ கதவைச் சாத்தியது போல நின்றது. காற்றும் கடலும்தான் கேட்டன. கீழே, பாறைகள் அரைவட்டமாகச் சூழ்ந்த ஒரு சின்னக் கடற்கரை. இறங்குவதற்குக் கல்லில் வெட்டிய படிகள். முதற்படிக்குப் பக்கத்துப் பாறையில் வெள்ளைப் பெயின்டால் மூன்று எழுத்து எழுதியிருந்தது. வெயிலில் மங்கியிருந்தாலும் வாசிக்க முடிந்தது. எஃப், கா, கா.

ஜேர்மனியில் இவ்வளவு காலம் இருந்தவளுக்கு அந்த மூன்று எழுத்துக்கும் அர்த்தம் தெரியாமல் இருக்குமோ. கோடை வந்தால் முதியோர் இல்லத்தில் கூட வேலைசெய்கிற சபீனா, சனிக்கிழமை நாங்கள் ஏரிக்குப் போறம், எஃப்-கா-கா பக்கம், நீயும் வாவன் நேசா என்று ஒவ்வொரு வருசமும் கேட்பாள். ஏதோ கீரைக்கறி சாப்பிட வாவன் என்று கேட்கிற மாதிரி. நேசமலர் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பாள். உடுப்பில்லாமல் குடும்பத்தோடு போய்க் கிடக்கிறதாம் என்று கோயில் திருவிழாவில் மற்றப் பெண்களுக்குச் சொல்லி அவர்களும் சிரிப்பார்கள். இப்போது திரும்பிப் போயிருக்கவேண்டும். திரும்பு என்று மனம் சொன்னதும் உண்மை. ஆனால் திரும்பிப் போனால் ஒலிபெருக்கி. அதோடு படிக்கட்டில் பாறையின் நிழல் விழுந்திருந்தது. நிழலில் கொஞ்ச நேரம் இருந்துவிட்டுப் போவம், கீழே பார்க்கத் தேவையில்லை, கடலைப் பார்க்கலாம், கடல் எல்லாருக்கும் பொதுதானே என்று தனக்குத் தானே நியாயம் சொல்லிக்கொண்டு ஒரு படி இறங்கினாள். இன்னொரு படி. நிழல் இன்னும் கொஞ்சம் கீழேதான் நல்லாக இருந்தது. இன்னொன்று. நடுப்படியில் இடது முழங்கால் பூட்டிக்கொண்டது. மடங்கவும் இல்லை, நிமிரவும் இல்லை. பிடிக்க ஒன்றும் இல்லை. ஒரு கையில் பை, மறுகை காற்றில். இப்படியே விழுந்தால் கீழே போய்த்தான் நிற்பேன், அம்மணமாய்க் கிடக்கிற சனத்துக்கு நடுவில் நான் மட்டும் உடுப்போடு விழுந்து கிடப்பேன், அம்புலன்ஸ் வரும், தாரிணிக்குப் போன் போகும், உங்கட அம்மாவை இன்ன இடத்தில் எடுத்தம் என்று சொல்லுவார்கள் என்று கண் இமைக்கிற நேரத்துக்குள் மனம் எல்லாவற்றையும் ஓட்டிப் பார்த்து முடித்துவிட்டது. அப்போதுதான் கீழிருந்து ஒரு கிழவி ஏறி வந்தாள். தலையில் வைக்கோல் தொப்பி, காலில் ரப்பர் செருப்பு. இரண்டுக்கும் நடுவில் ஒன்றுமில்லை.

"அசையாதீர்கள்," என்றாள் கிழவி ஜேர்மன் மொழியில். "கால் பூட்டிக்கொண்டதா? என் கையைப் பிடியுங்கள்."

"பரவாயில்லை, நானே..." என்றாள் நேசமலர், அதே மொழியில்.

"நானே நானே என்று சொன்னவர்கள் இரண்டு பேரை இந்தப் படியில் தூக்கியிருக்கிறோம். பிடியுங்கள்."

பிடித்தாள். வேறு வழியில்லை. ஈரமான, உப்புப் படிந்த, தோல் சுருங்கிய கை. அந்தக் கையின் பிடி அவளுக்கு நன்றாகத் தெரிந்த பிடி. பெருவிரலைப் பூட்டி, மணிக்கட்டைத் தாங்கி. ஆனால் எப்போதும் அது தன்னுடைய கையாகத்தான் இருக்கும். பிடிக்கப்படுகிற பக்கத்தில் இருந்தால் அது எப்படியிருக்கும் என்று அவள் ஒருநாளும் யோசித்ததில்லை. கிழவி பின்பக்கமாக ஒவ்வொரு படியாக இறங்க, நேசமலர் குழந்தைப்பிள்ளை போல அவள் பின்னால் இறங்கினாள். கண்ணை எங்கே வைப்பது என்ற கேள்வியே வரவில்லை. படியைப் பார்க்கத்தான் நேரம் இருந்தது. மேலே ஏறத்தானே வந்தீர்கள், என்னால் உங்களுக்கு வீண் அலைச்சல் என்று அவள் சொன்னதற்கு, மேலே ஏறினால் ஹோட்டல்தான் இருக்கிறது, எனக்கு என்ன அவசரம் என்று சொல்லி, ஒரு தட்டைப் பாறையில் இருத்திவிட்டு, தன் நெஞ்சைத் தொட்டுப் பெயரைச் சொன்னாள் கிழவி.

"இஹ் பின் இங்கெ."

நான் இங்கே. நேசமலருக்குத் தமிழில்தான் கேட்டது. அப்பொழுது வந்த சிரிப்பை அவளால் அடக்க முடியவில்லை. பயமும் வலியும் சேர்ந்து சிரிப்பாக வந்தது போலிருந்தது. கிழவி கோபிக்கவில்லை. என்ன என்று கேட்டாள். எங்கள் மொழியில் உங்கள் பெயருக்கு அர்த்தம் இருக்கிறது, இந்த இடத்தில் என்று அர்த்தம் என்றாள் நேசமலர். கிழவி அதைக் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "எண்பது வயதில் இதைவிட நல்ல செய்தி கிடையாது" என்று சொல்லி, தொப்பியைச் சரிசெய்துகொண்டு ஏறிப்போனாள். அவளுடைய முதுகு, இடுப்பின் மடிப்பு, தொடையில் தொங்கிய தோல் எல்லாம் வெயிலில் ஒவ்வொரு படியாக மேலேறிப் போவதை நேசமலர் பார்த்தாள். பார்த்துக்கொண்டிருக்கிறோம் என்ற நினைப்பு வர நேரம் எடுத்தது.

அதற்குப் பிறகு மெல்ல மெல்ல மற்றப் பக்கமும் பார்த்தாள். முதலில் தலைகளை மட்டும். கறுத்த தலைமயிர் ஏதும் தெரிகிறதா என்று ஒவ்வொன்றாக. தமிழ்ச்சனம் இல்லாத இடம் உலகத்தில் எங்கே இருக்கிறது, நோர்வேயில் பனிக்குள்ளும் மணவறை போட்டுக் கலியாணம் நடத்துகிறார்கள், இங்கே ஒரு தெரிந்த முகம் இருந்து, அட நேசமக்கா என்று எழும்பி வந்தால் என்ன செய்வது. இல்லை. எல்லாம் வெள்ளைத் தலை, செம்பட்டைத் தலை, மொட்டைத் தலை. ஒரு இருபது பேர் இருக்கலாம். ஒருவர் புத்தகம் வாசித்தார். ஒரு புருசனும் பெண்சாதியும் தோடம்பழம் உரித்துத் தின்றார்கள். மணல் இறுகிய இடத்தில் நாலைந்து கிழவர்கள் இரும்புக் குண்டு எறிந்து விளையாடினார்கள். யாரும் அவளைப் பார்க்கவில்லை; பார்த்த ஒருவரும் காலை வணக்கம் சொல்லிவிட்டுத் தோடம்பழத்துக்குத் திரும்பிவிட்டார். நேசமலர் கூச்சம் வரும் வரும் என்று காத்திருந்தாள், அது வரவில்லை. வந்தது வேறொன்று: கை பரபரத்தது. அந்தப் புத்தகக்காரரின் குதிக்கால் வெடித்திருக்கிறது, கிறீம் பூசவேணும். அந்த அம்மாவின் மார்புக்குக் கீழ் மடிப்பு சிவந்திருக்கிறது, துடைத்து உலரவிடவேணும், இல்லாவிட்டால் புண்ணாகும். தோளுக்குக் கீழே சின்னப் பெட்டி மாதிரிப் புடைத்திருப்பது இதயத்துக்கு வைத்த கருவி. அடிவயிற்றுக் கோடு பிள்ளைக்கு வெட்டியது. குண்டு எறிகிற ஒருவரின் முழங்காலில் நேர்க்கோடாக ஒரு தழும்பு, மூட்டு மாற்றிய பழைய தழும்பு, வெளுத்துவிட்டது. அவர் குனிகிறார். குனிந்து குண்டை எடுத்து நிமிர்கிறார். நேசமலர் அவர் நாலைந்து தரம் குனிந்து எழும்பும் வரை கண்ணை எடுக்கவில்லை.

உடம்பு அவளுக்குப் புதிதல்ல. வூப்பர்டாலில் அந்த முதியோர் இல்லத்தில் வேலைக்குச் சேர்ந்து இருபது வருசத்துக்கு மேல். காலையில் ஏழெட்டு உடம்பு. கதவைத் தட்டி, காலை வணக்கம் சொல்லி, திரையை விலக்கி, வெந்நீரை முழங்கையால் தொட்டுப் பார்த்து, முகம், கழுத்து, கை, நெஞ்சு, முதுகு. கழுவுகிற இடத்தை மட்டும் திறப்பது, மிச்சத்தை மூடி வைப்பது. புதிதாக வருகிற பிள்ளைகளுக்கு அவள் முதலாவதாகச் சொல்லிக்கொடுப்பது அதைத்தான். அம்மணமான உடம்பு என்றால் அவளுக்கு அது ஒரு வேலை. தூக்கவேணும், திருப்பவேணும், துடைக்கவேணும். இங்கே கிடந்த உடம்புகளுக்கு அவள் தேவையில்லை. அவை தாமாகத் திரும்பிப் படுத்தன, தாமாக எழும்பித் தண்ணிக்குப் போயின, தாமாகத் துடைத்துக்கொண்டன. அதே வயது, அதே தோல், அதே நரம்பு. அந்த அறைகளில் கிடந்தவர்களும் ஒருகாலத்தில் இப்படி எங்கேயாவது வெயிலில் கிடந்திருப்பார்கள் என்று இவ்வளவு காலத்தில் ஒருநாளும் அவள் நினைத்துப் பார்த்ததில்லை. கெஸ்லர் அம்மா என்று ஒருவர் இருந்தார். பள்ளிக்கூடத்து அதிபராக இருந்தவர், நிமிர்ந்த முதுகு. விழுந்து இடுப்பு உடைந்து வந்த முதல்நாள் கழுவுவதற்குப் போர்வையை விலக்கியபோது கூரையைப் பார்த்தார். நேசமலர் வழக்கம்போல இன்றைக்கு நல்ல வெயில், ஜன்னலுக்கு வெளியே குருவி வந்திருக்கிறது என்று கதைத்துக்கொண்டே கழுவினாள். எல்லாம் முடிந்து பொத்தானைப் பூட்டிவிடும்போது கெஸ்லர் அம்மா, "குருவியை நீங்களே பாருங்கள்" என்றார். அவ்வளவுதான் சொன்னார். அந்தக் கூரையில் பார்க்க ஒன்றுமில்லை, ஒரு பழைய நீர்க்கறை மட்டும்தான் இருந்தது. இப்போது டொக்டர் திகதி சொன்ன நாளிலிருந்து நேசமலர் இரவில் விழித்தால் அந்தக் கறைதான் வருகிறது. அந்த ஆஸ்பத்திரியில் பாதி நேர்ஸ்மார் அவளிடம் வேலை பழகிப் போன பிள்ளைகள். யெசிக்காவோ அய்லினோ கதவைத் தட்டிக்கொண்டு வரும், காலை வணக்கம் நேசா, இன்றைக்கு நல்ல வெயில் என்று சொல்லும், போர்வையை விலக்கும். அவர்கள்கூடப் பரவாயில்லை. வீட்டுக்கு வந்தால் தாரிணி. தாரிணி வேலைக்கு லீவு போட்டுவிட்டு வந்து நின்று, அம்மா கையைத் தூக்குங்கோ, அம்மா இந்தப் பக்கம் திரும்புங்கோ என்று. சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு, முகத்தில் ஒன்றும் காட்டாமல். முகத்தில் ஒன்றும் காட்டாமல் இருப்பது எவ்வளவு கஷ்டமான வேலை என்று அவளுக்கல்லவா தெரியும். அதுதான். மச்சாளுக்குச் சொல்லமுடியாமற்போன வசனம் அதுதான்.

வெயில் பாறையைச் சுற்றி வந்து அவள் மடியில் விழுந்தது. பூப்போட்ட சட்டை நெஞ்சோடு ஒட்டியது, கழுத்துக்குப் பின்னால் வியர்வை இறங்கியது. உடுத்திருப்பவள் அவள் ஒருத்திதான் என்பது இப்போதுதான் உறைத்தது; கலியாண வீட்டுக்கு வீட்டில் போடுகிற சோட்டியோடு வந்துவிட்டதுபோல ஒரு அந்தரம், ஆனால் தலைகீழாக. யார் பார்த்திருக்கிறார்கள் இந்த உடம்பை. சிறுவயதில் கிணற்றடியில் குளித்தால்கூடப் பாவாடையை நெஞ்சுக்கு மேலே குறுக்குக்கட்டாகக் கட்டிக்கொண்டுதான்; ஈரத் துணியோடு ஈரத் துணியாக, காய்ந்ததை மேலே போட்டு நனைந்ததைக் கீழே இறக்குகிற வித்தையை எல்லாப் பெண் பிள்ளைகளும் தெரிந்து வைத்திருந்தார்கள். ஜேர்மனிக்கு வந்திறங்கிய கிழமை நெஞ்சுப் படம் எடுப்பதற்கு இடுப்புவரை கழற்றச் சொல்லி ஒரு குளிர்ந்த கண்ணாடியில் சாய்த்து நிறுத்தினார்கள். மூச்சை இழு, பிடி, விடு. அந்த மூன்று சொல்லும்தான் அவள் முதல் படித்த ஜேர்மன். பிறகு தாரிணி பிறந்தபோது. அன்றைக்கு அறை நிறைய ஆட்கள், யாருக்கும் அவள் முகம் தேவைப்படவில்லை. சபாநாதன் நல்ல மனுசன். உணவகத்துச் சமையலறையில் நின்று களைத்து வந்தாலும் ஒரு கடுஞ்சொல் சொல்லமாட்டார். செத்து ஆறு வருசமாகப் போகிறது. அவர் இருந்த காலம் முழுக்க லைட்டை அணைத்துவிட்டுத்தான். யார் அணைத்தது என்று யோசித்துப் பார்த்தாள். அவரா, நானா. நான்தான். ஒருநாள், ஒரேயொரு நாள், ஏன் நேசம், இருக்கட்டுமே என்று அவர் கேட்டது ஞாபகம் வந்தது. கேட்டும் கேளாத மாதிரி அணைத்தாள். பாவம் மனுசன், அதற்குப் பிறகு கேட்கவேயில்லை. ஆக, இந்த உடம்பைப் பார்த்ததெல்லாம் வேலைக்காகப் பார்த்தவர்கள். இனிமேலும் வேலைக்காகத்தான் பார்க்கப் போகிறார்கள். நேசமலரின் நினைப்பு அந்த இடத்திலேயே நின்றது, முன்னுக்கும் போகவில்லை, பின்னுக்கும் போகவில்லை. அந்த ஒபரேசனுக்கு முன்னம் ஒருதரம். ஒருவரும் கழுவத் தேவையில்லாமல், ஒருவரும் வெட்டித் தைக்கத் தேவையில்லாமல், சும்மா.

அவள் எழும்பவில்லை. இருந்தபடியே செருப்பைக் கழற்றினாள். அதற்குப் பிறகு ஒரு நீண்ட நேரம் ஒன்றும் செய்யவில்லை. குண்டு விளையாடுகிறவர்கள் யாரோ தோற்றதற்குச் சிரித்தார்கள். பிறகு சட்டையின் முதற் பொத்தான். விரல்கள் தம்பாட்டுக்கு வேலை செய்தன. எத்தனை பேருக்குக் கழற்றிய விரல்கள். தலைக்கு மேலால் சட்டையை இழுத்தபோது துணிக்குள் ஒரு கணம் எல்லாம் இளஞ்சிவப்பாக, பூவாக இருந்தது. அந்தக் கணத்தில் மட்டும் பயம் வந்தது. இப்படியே இருந்துவிடலாமா, சட்டைக்குள்ளேயே. வெளியே வந்தபோது கடல் இருந்த இடத்தில்தான் இருந்தது. மற்றதையும் கழற்றி மடித்துப் பைக்குள் வைத்தாள். கீழே குனிந்து தன்னைப் பார்த்தாள். தொங்கிப்போன மார்பு, பிள்ளைக் கோடுகள் ஓடிய வயிறு, சட்டை மூடியிருந்த இடமெல்லாம் கையையும் முகத்தையும்விட வெளிறி, ஆனாலும் கறுப்பு. இத்தனை பேரும் எண்ணெய் பூசிக் கிடந்து தேடுகிற நிறம் சும்மா வந்து கிடக்கிறது. வேறு ஒருவருடைய உடம்பாக இருந்தால் என்ன சொல்லியிருப்பேன். நல்ல தோல், நல்ல ஈரப்பதம், அழுத்தப் புண் இல்லை என்று எழுதியிருப்பேன். அவளுக்குச் சிரிப்பு வந்தது. காற்று வந்து முதுகில் பட்டது. முதுகு முழுவதிலும், ஒரு இடமும் விடாமல், ஒரே தரத்தில். அறுபத்தொரு வயதில் முதுகுக்குக் காற்று இப்படித்தான் படும் என்று தெரிய வருகிறது.

தண்ணீருக்கு ஐந்தாறு எட்டுத்தான். மணல் சரிவில் மெதுவாக, பக்கவாட்டாக, முழங்காலோடு பேசிப் பேசி இறங்கினாள். குளிர் கணுக்காலைக் கடித்தது, பிறகு விட்டது. இடுப்புவரை போனதும் காலின் பாரம் குறைந்தது. நெஞ்சுவரை போனதும் முழங்கால் என்று ஒன்று இருப்பதே மறந்துவிட்டது. மடக்கினாள், மடங்கியது. நீட்டினாள், நீண்டது. ஈரத் துணி எதுவும் காலில் சுற்றவில்லை, இழுக்கவில்லை. அலை வந்து தூக்கித் தூக்கி வைத்தது. எவ்வளவு பேரைத் தூக்கியிருப்பேன் என்று நினைத்தாள். பிறகு அந்த நினைப்பையும் விட்டுவிட்டு, கையை விரித்து, கண்ணை மூடி, தூக்குவதற்குக் கொடுத்தாள்.

வெளியே வந்து பாறையில் உலர்ந்துகொண்டிருக்கும்போது பைக்குள் போன் அடித்தது. தாரிணி.

"அம்மா, எங்க நிக்கிறீங்கள்? நாங்கள் வந்திட்டம். ரஜீவன் படகு வெளிக்கிட்ட உடனேயே சத்தி எடுக்கத் தொடங்கிட்டார், டொல்பினும் இல்லை ஒண்டும் இல்லை."

"ஐயோ பாவம். இஞ்சித் தேத்தண்ணி ஒண்டு வாங்கிக் குடு."

"குடுத்தாச்சு, படுத்திருக்கிறார். நீங்கள் எங்க?"

"கடற்கரையில."

"எந்தக் கடற்கரை? நான் கடற்கரை முழுக்கப் பாத்திட்டன்."

நேசமலர் கடலைப் பார்த்தாள். லண்டன் கதை நாக்கின் நுனியில் இருந்தது. இன்றைக்கே சொல்லிவிடலாம் என்றுதான் நினைத்திருந்தாள். மச்சாள் கூப்பிடுகிறா பிள்ளை, ஒரு மாதம் நிண்டிட்டு வாறன். வாயைத் திறந்தாள். வேறொன்றுதான் வந்தது.

"பிள்ளை, எனக்கு வாற மாதம் ஒரு ஒபரேசன் இருக்கு. முழங்கால் மாத்தப்போகினம். உனக்குச் சொல்லாமல் லண்டன் போறன் எண்டு பொய் சொல்ல இருந்தனான்."

தொடர்பு அறுந்துவிட்டதோ என்று போனைக் காதிலிருந்து எடுத்துப் பார்த்தாள்.

"ஏனம்மா?" தாரிணியின் குரல் சின்னதாகிவிட்டது. "ஏன் சொல்லேல்லை?"

"நீ என்னைக் கழுவவேண்டி வரும் எண்டு."

"அதுக்கென்ன?"

"அதுக்கொண்டும் இல்லை. எனக்கு வெக்கம்."

தாரிணி மூக்கை உறிஞ்சினாள். அழுகிறாளா, கோபமா என்று தெரியவில்லை. "லண்டன் மாமிக்குத் தெரியுமோ?"

"தெரியும்."

"எல்லாருக்கும் தெரியும், எனக்கு மட்டும்..." என்று தொடங்கி, நிறுத்தி, மூச்சை விட்டாள். "சரி. இப்ப எங்க நிக்கிறீங்கள், நான் வாறன். இருங்கோ அங்கையே."

"பிள்ளை, இது... மதில் முடியிற இடத்துக்கு அங்கால. எஃப்-கா-கா."

மறுபக்கத்தில் நடக்கத் தொடங்கிய சப்பாத்துச் சத்தம் சட்டென்று நின்றது.

"அம்மா. நீங்கள் உடுப்போடயோ நிக்கிறீங்கள்?"

"இல்லை."

"ஐயோ அம்மா!" ஜேர்மனியில் பிறந்து, ஜேர்மன் மொழியில் படித்து, ஜேர்மன் மொழியில் கணக்குப் பார்க்கிற பிள்ளை, அவளுடைய ஐயோவைக் கேட்டால் ஊரிலே சண்டிலிப்பாயை விட்டு ஒருநாளும் வெளிக்கிடாத கிழவி போல இருந்தது. பிறகு, "உடுப்போட வரலாமோ?"

"வரலாம். ஆனால் வேர்க்கும்."

மகள் வருவதற்குள் உடுத்திவிடலாம் என்று சட்டையை எடுத்தாள். ஈர முதுகில் துணி ஒட்டியது, பிடிக்கவில்லை. இழுத்துக் கழற்றி மடியில் போட்டுக்கொண்டாள். அவ்வளவு போதும். தோடம்பழக்காரர் எழும்பி வந்து, ஒன்றும் கேட்காமல் இரண்டு சுளையைப் பாறையில் வைத்துவிட்டுப் போனார். நன்றி என்றாள். ஒன்றைத் தின்றாள். உப்பு வாயில் அது அவ்வளவு இனித்தது. மற்றதை வைத்திருந்தாள். கண் சொருகியது.

தாரிணி ஜீன்ஸோடும், பெரிய கறுப்புக் கண்ணாடியோடும், பையை நெஞ்சோடு அணைத்துப் பிடித்தபடியும் வந்து நின்றாள். வானத்தைப் பார்த்தாள், பாறையைப் பார்த்தாள், தன் சப்பாத்தைப் பார்த்தாள். அழுத முகம்தான். பார்க்க வேறொன்றும் மிஞ்சாமற்போகத் தாயைப் பார்த்தாள். நேசமலர் அசையவில்லை. மகள் தன் தோளை, மார்பை, வயிற்றை ஒவ்வொன்றாகப் பார்த்து முடிக்கும்வரை காத்திருந்தாள். தாரிணியின் முகத்தில் எல்லாம் தெரிந்தது. கோபம், கூச்சம், பாவம், சிரிப்பு, ஒன்றையும் அவள் மறைக்கத் தெரியாமல் நின்றாள். கெட்டிக்காரி என்று நேசமலர் நினைத்தாள், இப்படியே இரு.

"இந்தா," என்று மிச்சமிருந்த தோடம்பழச் சுளையை நீட்டினாள்.

தாரிணி அதை வாங்கி வாயில் போட்டுக்கொண்டு பாறையில் அம்மாவுக்குப் பக்கத்தில் இருந்தாள். கொஞ்ச நேரம் மென்றாள். கண்ணாடியைக் கழற்றித் தலையில் வைத்தாள்.

"எந்தக் கால், அம்மா?" என்றாள்.

நேசமலர் இடது காலை வெயிலில் மெதுவாக நீட்டினாள்.